உப்புக்கிணத்தடி

"நீங்கள் சாப்பிட்டாச்சோ?" என்று டனிஸ்ரன் கேட்டான்.

ஜெயனி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவன் அவளை 'நீர்' என்றுதான் சொல்வான். கோபம் வந்தால் 'நீ'. 'நீங்கள்' என்பது வெளியாட்களுக்கு. பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கலியாணப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் மொன்றியலிலிருந்து கலிபோர்னியாவுக்கு லொறி ஓடுகிறவன். அவன் இல்லாத நாட்களில் கோட்-டெ-நெய்ஜ் வீட்டில் அவளும் ஒரே மகள் அஞ்சலீனாவும்தான். ஹீற்றர் குழாய்கள் உள்ளுக்குள் தட்டிக்கொள்ளும் ஓசை, மேல்வீட்டில் யாரோ கதிரை இழுக்கும் ஓசை, ஜன்னல் இடுக்கால் கசியும் பனியின் இரும்பு மணம், இவற்றுக்கு நடுவே பிள்ளை உறங்கிய பிறகும் அவள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்பாள். அவன் எடுப்பது பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து. பாலைவன நெடுஞ்சாலை ஓரத்தில், சால்ற் வெல் என்ற குடியிருப்பில் நிற்கும் பழைய தொலைபேசிக் கூண்டு. உப்புக்கிணத்தடி என்று அவனே அதற்குத் தமிழில் பேர் வைத்திருந்தான்.

அந்த இடத்தின் கதையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தான். நீராவி ரயில்களுக்குத் தண்ணீர் எடுக்க அங்கே கிணறு வெட்டினார்களாம். ரயிலுக்குத் தண்ணீர் வேண்டாத காலம் வந்தபோது ரோட்டு வந்தது. பெற்றோல் கடை, விடுதி, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. பிறகு பெரிய ரோட்டைத் தள்ளிப் போட்டார்கள். வீட்டுச் சாமான்களைக்கூட எடுக்காமல், குடும்பம் குடும்பமாகக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு கோப்பிக் கடைக்காரன் மட்டும்.

கடைசியாக எடுத்தபோது டனிஸ்ரன் சிரித்துக்கொண்டு சொன்னான்.

"அந்தக் கடைக்காரனுக்கு விசர், ஜெயனி. இஞ்சயிருந்து ஒருத்தரும் போகேல்லையாம். போனது அவையின்ரை உருவம் மட்டுந்தானாம். ஆக்கள் இன்னும் வீடுகளுக்குள்ளதான் நிக்கினமாம். ஒரு வீட்டைத் திறந்து காட்டுறன், வா எண்டு நிக்கிறான்."

"போகாதேங்கோ."

"சும்மா எட்டிப் பாத்திட்டு வாறன். நீர் பயப்பிடாதையும்."

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. இந்தப் பின்னேரம் ஆளே வந்து நிற்கிறான்.

"பிள்ளை எங்கை?" என்று கேட்டான்.

"கார்டெரியில. கூட்டிவர வெளிக்கிடுறன்."

"நான் போறன்."

கோட்டைக் கழற்றாமலே, பிள்ளைகள் காப்பகத்துக்கென்று திரும்பி இறங்கினான். அவன் நின்ற இடத்தில் காய்ந்த மண்ணின் மணம் கிடந்தது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அறையின் மணம். குளிர்காலத்து இருட்டு அதற்குள் தெருவில் இறங்கிவிட்டிருந்தது.

தொலைபேசி அடித்தது.

"ஜெயனி!"

அவன் குரல். பின்னால் பலர் முணுமுணுக்கும் சத்தம். விரல்கள் கண்ணாடியைத் தட்டும் சத்தம்.

"எங்கை நிக்கிறீங்கள்?"

"அந்த வீட்டுக்குள்ளதான். கதவு திறபடுதில்லை. சுவரில ஒரு பழைய ஃபோன் கிடந்தது, இப்பதான் வேலை செய்யுது. ஜெயனி, என்ரை லொறி போனதைக் கண்ணாடிக்குள்ளால பாத்தனான். நான்தான் ஓடிக்கொண்டு போறன். திரும்பிப் பாத்துக் கையும் காட்டினவன்."

அவள் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் அங்கை வந்தா உள்ளுக்கு விடாதையும். கையைப் பிடிக்க விடாதையும். கடைக்காரன் என்ரை கையைப் பிடிச்சுத்தான்..."

தொலைபேசியோடு ஜன்னலுக்கு ஓடினாள்.

தெருவிளக்கின் கீழ் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருவர் வந்துகொண்டிருந்தார்கள். ஒன்று உயரம். ஒன்று குட்டை, சிவப்புத் தொப்பி. துள்ளாமல் நடக்கத் தெரியாத பிள்ளை அஞ்சலீனா. இப்போது துள்ளவில்லை. அவன் காலெடுக்கும்போது அவளும் காலெடுத்தாள்.

அவள் கை அவன் கைக்குள் இருந்தது.

"டனிஸ்ரன்..."

மறுமுனையில் அவன் ஓவென்று அழத் தொடங்கினான். அந்த அழுகைக்குள் இன்னொரு குரல். மெல்லியது.

"மமன்?"

அஞ்சலீனா அம்மாவைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"மமன், இஞ்ச கனபேர் நிக்கினம். கதவு திறபடுதில்லை."

படிக்கட்டில் காலடிகள். ஒரே தாளத்தில். நின்றன.

கதவுக் கண்ணாடித் துளைக்குக் கண்ணை வைத்தாள். இருவரும் நிமிர்ந்து அதையே பார்த்தபடி நின்றார்கள். சிரித்த முகம். ஒரே சிரிப்பு.

கதவுச் சங்கிலியைப் போடக் கையை நீட்டினாள். பூட்டு வெளியிலிருந்து திரும்பியது.

தொலைபேசிக்குள் பிள்ளை அழுதுகொண்டேயிருந்தாள்.

கதவு கொஞ்சம் விலகியது. அந்த இடுக்கால் சின்னக் கை ஒன்று உள்ளே நீண்டது. பிடிக்கச் சொல்லி, விரல்களை விரித்தபடி.