ஆசீர்வதிக்காத கை

பொய் ரத்தக் கிண்ணம் கவிழ்ந்தது. அவனுடைய வெள்ளை அங்கி நெஞ்சிலிருந்து முழங்கால் வரை சிவந்துபோனது.

"கண்ண எங்க வச்சிருக்கீங்க?" என்றாள் சினெலோ. தவறு அவளுடையதுதான். ஆனால் காலையிலிருந்து சினிமாப் பிணங்களுக்குக் காயம் வரைந்து ஓய்ந்தவளுக்கு மன்னிப்புக் கேட்கக்கூடத் தெம்பில்லை.

"உங்க மேலதான் வச்சிருந்தேன், சிஸ்டர்... அதான் கிண்ணத்தப் பாக்கல."

நிமிர்ந்தாள். தூங்காத கண்கள்... ஆனாலும் சிரிக்கத் தெரிந்த கண்கள்.

அவன் ஒபியோரா. அசாபா நகரத்தின் அந்தக் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவன். படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்ட கோயிலைப் பார்த்துக்கொள்ளப் பங்குத்தந்தை அனுப்பியிருந்தார். பாதிரியாராக நடிக்க வேண்டியவர் வராததால், இயக்குநர் அங்கியை இவனுக்கு மாட்டிவிட்டார். காட்சி இதுதான்: திருடர்களை வெட்டப்போகும் கதாநாயகனின் கத்தியைப் பாதிரியார் ஆசீர்வதிக்கிறார். ஜனங்கள் அல்லேலூயா சொல்லிக் கைதட்டுவார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் இரைச்சலில் ஒலிப்பதிவு நின்றது. வாசல் படியில் அவனை உட்காரவைத்து ஈரத்துணியால் அங்கியைத் துடைத்தாள். படியோரம் ஒதுங்கிய வியாபாரியிடம் அவன் சுட்ட சோளமும், அதோடு சேர்த்துத் தின்னும் ஊபேப் பழமும் வாங்கி அவளிடம் நீட்டினான்.

"இந்த ரத்தம் போகுமா, சிஸ்டர்?"

"சர்க்கரைப் பாகுதான் பிரதர். எறும்பு வந்தா தானாப் போயிடும்."

அவன் சிரித்தான். மழைச்சாரல் அவன் இமைகளில் தங்கியிருந்தது. எத்தனையோ நாளாக யாரிடமும் சொல்லாததை ஏன் அவனிடம் சொன்னாளோ...

"என் தம்பி கெனேயத் திருடன்னு அடிச்சே கொன்னாங்க. அவன் கையில இருந்தது அவனோட போன்தான். அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்ணாங்களாம்."

அவன் சோளத்தைப் படியில் வைத்தான்.

"எங்கப்பாவக் கொள்ளக்காரங்க சுட்டாங்க," என்றான் பிறகு. "ஊர்க்காவல்காரங்க ரெண்டு பேரப் பிடிச்சு எரிச்சாங்க. அன்னிக்கு நான் நன்றிப் பாட்டு வாசிச்சேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "நல்லா வாசிச்சீங்களா?"

"அவ்ளோ நல்லா அதுக்கு முன்ன வாசிச்சதே இல்ல... அவங்கதான் சுட்டாங்களான்னு யாருமே கேக்கல. நானும் கேக்கல."

அவள் துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கெனே செத்த அன்றும் எவனோ இப்படித்தான் வாசித்திருப்பான்...

மழை விட்டது. கதாநாயகன் மண்டியிட்டுக் கத்தியை உயர்த்திப் பிடித்தான். ஒபியோரா கையை நீட்டினான். கை பாதியில் நின்றது.

"என்னால முடியல, ஐயா."

"நடிப்புதானேப்பா," என்றார் இயக்குநர் அலுப்போடு. "கடவுள் கண்டுக்க மாட்டார்."

"நான் ஒரு தடவ நெஜமாவே நன்றி சொல்லிட்டேன். இன்னொரு தடவ வராது."

அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வெளியே போனான். வேன் டிரைவர் அதை மாட்டிக்கொண்டு உரத்த குரலில் ஆசீர்வதித்தார். காட்சி முதல் தடவையிலேயே சரியாக வந்தது. சினெலோ அடுத்த பிணத்துக்குக் காயம் வரைந்தாள்.

வேலை முடிந்து வந்தபோது அவன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"எனக்காகவா செஞ்சீங்க?"

"இல்ல."

"நல்லவேள. ஆமான்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்." படியில் உட்கார்ந்தாள். கால்கள் வலித்தன. "பிரதர், எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. யாரையும் மன்னிக்கத் தெம்பில்ல."

"மன்னிக்க வேணாம்." ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அத மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன்."

தெருவில் தேங்கிய நீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த இடைவெளியை அவளே நகர்ந்து குறைத்தாள்.

"எனக்கும்தான்..." என்றாள். "அதான் கோவமா வருது."