ஒரே தொட்டி

நான்கு தொண்டைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதை ஃப்ளோரா முதலில் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. பள்ளியிலிருந்து வந்து, நனைந்த குடையைப் பால்கனியில் விரித்துப் போட்டுவிட்டு, புடவையின் ஈர ஓரத்தைக்கூடப் பிழியாமல் ஹால் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். எதிரே கண்ணாடித் தொட்டி. செங்கல்லின் மேல் ஆமை, அதன் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு மஞ்சள் பல்லி, கீழே தண்ணீரில் பாதி முங்கிய இரண்டு தவளைகள். ஆமையின் கழுத்துக்கடியில் தோல் மெல்ல உப்பியது. மற்ற மூன்றும் அதே கணத்தில் உப்பின. ஆமை அடங்கியது. மூன்றும் அடங்கின.

களைப்பில் கண் ஏமாற்றுகிறது என்று எழுந்து போய்க் காபி போட்டாள்.

அவை மகன் டெரன்ஸ் வளர்த்தவை. புனேவில் வேலை கிடைத்துப் போகும்போது மூன்று தொட்டிகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். ஆமைக்கு ஒன்று, தவளைகளுக்கு ஒன்று, காய்ந்த மணல் போட்டுப் பல்லிக்கு ஒன்று. "மூணையும் ஒண்ணா மட்டும் போட்றாத மம்மி" என்று ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லியிருந்தான். "ஆமை தவளையைக் கடிக்கும். தவளைத் தோல்ல விஷம் ஊறும். பல்லிக்கு ஈரமே ஆகாது. ஒண்ணோட கிருமி இன்னொண்ணைக் கொன்னுடும்."

ஐந்து மாதம் அப்படியே செய்தாள். பெசன்ட் நகரின் மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. மோட்டார் கெட்டால் கீழே இருந்து குடத்தில் தண்ணீர் தூக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மூன்று செக்‌ஷனின் விடைத்தாள், முழங்கால் வலி, கடல் காற்றில் துருப்பிடித்துப் போகிற எல்லாமும். அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்து வந்து மூன்று தொட்டிகளையும் பார்த்தாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வெறுமனே முடியவில்லை. நான்கையும் ஆமையின் பெரிய தொட்டிக்குள் விட்டு, மற்ற இரண்டையும் கழுவிப் பால்கனியில் கவிழ்த்து வைத்தாள். அன்று மதியம் மூன்று மணி நேரம் தூங்கினாள். டெரன்ஸ் போனில் கேட்டபோது, "எல்லாம் அதது அங்கங்க நல்லா இருக்கு" என்றாள்.

கடித்துக்கொள்ளும் என்றுதான் எதிர்பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. நான்கும் மெல்ல மெல்ல ஒரே மூலைக்கு நகர்ந்தன, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை, வீட்டு வேலைக்கு வரும் அமீனா பீ துடைப்பத்தோடு தொட்டி முன்னால் நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சர் இது?"

"என்ன?"

"எல்லாம் ஒண்ணா மூச்சு வுட்டுக்கினு கீது. பாரு. ஒண்ணு வுட்டா அல்லாம் வுடுது."

"அதுங்க அப்படித்தான்" என்றாள் ஃப்ளோரா. நோட்டுகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல்.

அமீனா பீ ஹாலைப் பெருக்கவில்லை. "அத்த எடுத்து தனியா போடு. அப்பால வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவள், மறுநாள் வரவில்லை.

வியாழக்கிழமை பல்லி தண்ணீருக்கடியில் கிடந்தது. செத்துவிட்டது என்று கரண்டியால் தொட்டாள். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. தண்ணீருக்குள் அதன் தொண்டை நிதானமாக உப்பி அடங்கியது, மேலே ஆமையினுடையதைப் போலவே. தவளைகள் கத்துவதை நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். திங்கட்கிழமை போட்ட புழுக்கள் யாரும் தொடாமல் மிதந்தன. தொட்டியிலிருந்து வாடை வரவில்லை. சுத்தம் செய்து பத்து நாள் ஆகியும் பாசி வாடைகூட இல்லை. காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறையின் வெதுவெதுப்பான மணம் மட்டும் இருந்தது.

அன்று விடைத்தாள் திருத்துகையில், பேனா ஒரே சீராக நின்று நின்று போவதை உணர்ந்தாள். மூச்சை இழுக்கும்போது நின்றது. விடும்போது ஓடியது. மிக மெதுவாக. தலையைத் தூக்கித் தொட்டியைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெரன்ஸ் வருவதாக இருந்தது. ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணினான். "மம்மி, இறங்கிட்டேன். மழையில டிராஃபிக். ஒரு மணி நேரம் ஆகும். என் பசங்கல்லாம் எப்படி இருக்கானுங்க?"

"வா, வந்து பாரு."

பொய் தெரிவதற்குள் பிரித்துவிட வேண்டும். பால்கனியில் கவிழ்த்திருந்த தொட்டிகள் இரண்டும் விரிசல் விட்டிருந்தன. பெரிய தொட்டியைக் கழுவும்வரை ஆமையைச் சமையலறையில் துணி ஊறவைக்கும் டப்பில் விட்டாள். தவளைகளை வடிகட்டியால் அள்ளிக் குளியலறை வாளியில் போட்டாள். பல்லியைத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். எதுவும் திமிறவில்லை. ஈரத்துணிபோல் கையில் தொங்கின.

முதுகு நிமிர்ந்தபோது வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. டப்பைப் பார்த்தாள். ஆமையின் தொண்டை அசையவில்லை. வாளியில் தவளைகள் அசையவில்லை. பெட்டியில் பல்லியும் அப்படியே. கண்கள் மட்டும் திறந்திருந்தன. எல்லாக் கண்களும் ஹால் பக்கமாகத் திரும்பியிருந்தன.

கொன்றுவிட்டேன். பிள்ளை ஆசையாக வளர்த்ததை. சோம்பேறித்தனத்தில்.

தவளை வாளியை ஹாலுக்குத் தூக்கி வந்து கவிழ்த்தாள், நான்கையும் திரும்பப் பெரிய தொட்டியில் போட்டாள். அசைவில்லை. ஆமையை உலுக்கிப் பார்க்க வலது கையை முழங்கைவரை விட்டாள். தண்ணீர் சூடாக இருந்தது. உடம்புச் சூடு. தவளை ஒன்று அவள் மணிக்கட்டின் மேல் வந்து படிந்தது, பல்லி உள்ளங்கைக்குள் சுருண்டது.

தொண்டைகள் உப்பின.

அவள் நெஞ்சும் விரிந்தது. ஒரே சமயத்தில்.

"அப்பாடா, உயிர் இருக்கு" என்ற நிம்மதி ஒரு கணம்தான். கையை வெளியே எடுத்தாள். மூச்சை இழுத்தாள். வரவில்லை. வாய் திறந்திருந்தது, நெஞ்சு திறக்கவில்லை. மீண்டும் இழுத்தாள். சுவர் சாய்ந்தது. காலண்டரில் மாதா படம் கறுத்து மங்கியது. எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் தொட்டியைப் பிடித்தாள். கை உள்ளே போனது.

காற்று வந்தது. மெதுவாக. அவளுக்குப் போதாத அளவு. அவற்றுக்குப் போதுமான அளவு.

அப்படியே நின்றாள். முழங்கால் கடுத்தது. பக்கத்து வேளாங்கண்ணி மாதா கோயிலில் மணி அடித்தது. உட்காரக்கூட முடியாது. உட்கார்ந்தால் கை எட்டாது. ஒரு மூச்சு. நீண்ட இடைவெளி. இன்னொரு மூச்சு.

பூட்டில் சாவி திரும்பியது.

"மம்மி? ஏன் லைட்டே போடல?" டெரன்ஸ் பையை இறக்கிவிட்டு ஸ்விட்சைத் தட்டினான். கவிழ்த்த வாளி, ஈரத் தரை, தொட்டிக்குள் அம்மாவின் கை. "ஐயோ, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டியா? என்ன மம்மி, உன் முகம் ஏன் நீலமா இருக்கு?"

சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. தொடாதே. மூச்சு உள்ளே போய்க்கொண்டிருந்தது. பேச வெளியே வரும் மூச்சு வேண்டும். அதற்கு நான்கும் அடங்க வேண்டும்.

அடங்கின.

"தொ..." என்றாள். அவ்வளவுக்குத்தான் காற்று இருந்தது.

"என்ன? கடிச்சிட்டு விடமாட்டேங்குதா? இரு, ஆடாத. நான் எடுத்து விடறேன்."

தலையை ஆட்டினாள். வேகமாக. அவன் வலி என்று நினைத்தான். இடது கையால் அவனைத் தள்ளினாள். அதில் பலமே இல்லை. அவன் சட்டைக் கையை மடித்தான். மழையிலும் படியேறி வந்ததிலும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தான், நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது, இருபத்து நான்கு வயதின் கொழுத்த, அவசர மூச்சு. அவள் அதையே பார்த்தாள்.

அவன் கை தண்ணீருக்குள் போனது.

மறு தவளை நகர்ந்து அவன் விரல்களின் மேல் படிந்தது. டெரன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூச்சிரைப்பு பாதியில் நின்றது. மழையில் நனைந்த அவன் சட்டை அசையாமல் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. அம்மாவைப் பார்த்தான். ஆமை கழுத்தை நீட்டியது. தொண்டை உப்பியது. பிறகு, மிக மெதுவாக, அவன் சட்டையும்.