பேனலில் படிந்த மூச்சு

துடைத்த இடத்தில் மறுபடியும் ஆவி படிந்திருந்தது.

டிவியின் முன்பக்கத்துக்குப் போகிற கறுப்பு பிளாஸ்டிக் பேனல் அது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. தரம் பார்க்கும் மேசையிலிருந்த அவள் மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, நிறமும் பளபளப்பும் அளக்கும் மீட்டரை அந்த இடத்திலேயே வைத்து அழுத்தினாள். கறுப்பு சரி. பளபளப்பும் சரி. மீட்டருக்குத் தெரியாத மங்கல் அவள் கண்ணெதிரே மெல்ல விரிந்து, சுருங்கி, மறுபடி விரிந்தது. யாரோ மூச்சு விடுவதுபோல.

பகல் சாப்பாட்டு வேளை. பேனல்களை வார்க்கும் மோல்டிங் இயந்திரங்கள் ஓய்ந்துவிட்டதால் சுவருக்கு அப்பால் ஓயாமல் கேட்கும் தடதடப்பு அடங்கி, சூடான பிளாஸ்டிக்கின் காந்தல் வாடையும் சோதனை விளக்குகளின் ரீங்காரமும் மட்டும் ஜன்னலில்லாத அந்த அறையில் மிஞ்சியிருந்தன.

"அண்ணா, இங்க கொஞ்சம் வாயேன்."

அண்ணன்தான் இங்கே மேற்பார்வையாளன். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். இதே மேசையில் வேலை பார்த்த அண்ணி ஒருநாள் காணாமல் போனதிலிருந்து பாதி உயிராகிப்போனவன். 'ஓடிப்போயிட்டா' என்று ஊரே பேசியபோதும் வாய் திறக்காதவன்.

வந்தான். பேனலைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை.

"விளக்கை மாத்திப் பாரு பாப்பா."

மஞ்சள் விளக்கைப் போட்டாள். மங்கலுக்குள் விரல்கள். உள்ளிருந்து அழுத்திய விரல்கள்.

"அண்ணா, இது..."

"பயப்படாத. நான் இருக்கேன்ல? கிட்டப் போய்ப் பாரு."

சைக்கிள் பழகியபோது விழாமல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தவன். அவன் இருக்கையில் என்ன பயம்?

குனிந்தாள். பேனலில் தெரிந்தது அவள் முகமில்லை. அண்ணி. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நிமிரப் பார்த்தாள். முடியவில்லை. பிடரியில் அண்ணனின் கை.

"ஒருத்தர் போனாத்தான் ஒருத்தர் வர முடியும், பாப்பா."

"நான் உன் தங்கச்சிடா!"

"தெரியும்."

அழுத்தினான்.

குளிர். கறுப்பு. சத்தமே இல்லை.

எதிரே, வெளிச்சத்தில், அறை. தரையில் கிடந்த அண்ணியை அவன் தூக்கி நிறுத்தினான். அண்ணி பேனலைப் பார்த்து வாய் பிளந்து அலறினாள், எதுவும் கேட்கவில்லை. அண்ணியின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டான். பிறகு, பழக்கப்பட்ட கையால், கீறல் விழாமலிருக்க ஒட்டும் பிளாஸ்டிக் தாளை ஒரு மூலையிலிருந்து இழுத்து, குமிழ் வராமல், கட்டைவிரலால் தடவித் தடவி, தங்கையின் திறந்த வாய்மேல் ஒட்டத் தொடங்கினான்.