எல்லாவற்றையும் அழிக்கவா?

“மகி, சாயங்காலம் அஞ்சு மணிக்குச் செல்லக்கனி வருவா. அதுக்குள்ள லேப்டாப்ப ரீசெட் பண்ணி வெச்சிடு. புதுசு மாதிரி ஆயிடணும்” என்று சொல்லிவிட்டு, அக்கா எழில்மொழி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

எண்ணூரில் ஒரு கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. அங்கே புது லேப்டாப் கொடுத்துவிட்டார்கள். பழையதை, புளியந்தோப்பில் நர்சிங் படிக்கும் செல்லக்கனிக்கு விற்பதாகப் பேச்சு.

“எப்பிடி பண்ணணும்?” என்று ஆறாம் வகுப்பு மகிழினி மாடியிலிருந்து கத்தினாள்.

“செட்டிங்ஸ்ல போனா அதுவே கேக்கும்! என் போட்டோல்லாம் பென்டிரைவ்ல ஏத்திட்டேன்!” கீழேயிருந்து பதில் வந்தது.

மத்தியானம் மகிழினி திறந்தபோது, அதுவே கேட்டது. அதுதான் வம்பாகிவிட்டது.

திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘கீப் மை ஃபைல்ஸ்’, அதாவது என் ஃபைல்களை வைத்துக்கொள். இன்னொன்றில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’, எல்லாவற்றையும் அழித்துவிடு.

எதை அழுத்துவது? அக்காவுக்கு போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பெனிக்குள் போகும்போது கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

“அம்மா, இதுல இன்னா அமுக்கறது?”

அம்மா வரலட்சுமி சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். “என்னை இன்னா கேக்குற? எதுனா ஒண்ண அமுக்கு. தப்பா பூட்டா அக்கா வந்து பாத்துக்குவா.”

“வந்து பாக்கறதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காதும்மா!”

பக்கத்து வீட்டு பாரி கால்பந்தோடு எட்டிப் பார்த்தான். எட்டாம் வகுப்பு. எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருப்பான்.

“கீப் போடு. மை ஃபைல்ஸ்னா நம்மளுது. நம்மளுது நம்மகிட்டயே இருக்கும்.”

மகிழினி விரலை நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டாள்.

“லேப்டாப் புளியந்தோப்புக்குப் பூட்டா, ஃபைல் மட்டும் வியாசர்பாடில எப்பிடி இருக்கும்?”

பாரி பந்தை இரண்டு முறை தட்டினான். “அது... வைஃபைல வரும்.”

“நம்ம வூட்ல ஏது வைஃபை?”

பாரி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று மகிழினி திறந்து பார்த்தாள். முதலில் ஒரு வீடியோ ஓடியது. நாலு வயது மகிழினி, காது குத்தும்போது, மூக்கு ஒழுக வீரிட்டுக்கொண்டிருந்தாள். பாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“கீப் போட்டா இத்த செல்லக்கனி அக்கா பாப்பாங்க!” என்று மகிழினி அலறினாள். அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. வைத்துக்கொள் என்றால், பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள் என்று அர்த்தம். பெட்டியோ வேறு வீட்டுக்குப் போகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதுதான். மறுபடி விரலை நீட்டியவள், ‘மாடி’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டரைப் பார்த்தாள்.

உள்ளே அதே மாடியில் குடியிருக்கும் எல்லா வீட்டுக்காரர்களின் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, பாஸ்புக் என்று வரிசையாக இருந்தன. யாருக்கு விண்ணப்பம் போட வேண்டுமென்றாலும் அக்காவிடம்தான் வருவார்கள். மகிழினி பென்டிரைவைச் செருகிப் பார்த்தாள். அக்காவின் போட்டோக்கள் இருந்தன. ‘மாடி’ மட்டும் இல்லை.

அழித்தாலும் தப்பு, அழிக்காவிட்டாலும் தப்பு. அக்கா இதை வேண்டாமென்று விட்டாளா, மறந்துவிட்டாளா?

“அக்காதான் பண்ணச் சொன்னா. நீ பண்ணிட்டு வா, வெளையாடப் போலாம்” என்றான் பாரி.

“பேப்பர் அவளுது இல்லியே. இவங்களுது. இவங்களத்தான கேக்கணும்?”

ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். “எங்களுது பீரோல பத்திரமா கீது கண்ணு, அழிச்சுடு” என்றாள் ரேகா அக்கா. மற்ற வீடுகளிலும் அதே பதில்தான். கடைசி வீட்டில் கிருஷ்ணப்பன் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“அழிச்சுட்டியா?”

“இல்ல மாமா.”

“நல்ல வேளை! என் சர்வீஸ் சர்டிபிகேட்டு மழைத்தண்ணில ஊறிப் பூட்டுச்சும்மா. இன்னொண்ணு கேட்டு வாங்கலாம்னா கம்பெனியவே மூடிட்டாங்க. பதினெட்டு வருஷம் நான் வேலை செஞ்சதுக்கு எழிலு எடுத்து வெச்ச அந்தப் படம்தான் சாட்சி.”

மகிழினி வீட்டுக்கு ஓடினாள். ‘மாடி’ முழுவதையும் பென்டிரைவில் ஏற்றினாள். ஏறிவிட்டதா என்று பென்டிரைவிலிருந்தே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கிருஷ்ணப்பன் மாமாவின் சர்டிபிகேட்டை மட்டும் இரண்டு முறை பார்த்தாள். முத்திரை தெளிவாகத் தெரிந்தது.

சார்ஜரை மாட்டினாள். ‘ரிமூவ் எவ்ரிதிங்’கை அழுத்தினாள்.

செல்லக்கனி நாலரைக்கே வந்துவிட்டாள். திரையில் நாற்பத்தேழு சதவீதம் என்று நின்றிருந்தது. அம்மா டீ போட்டாள். டீ குடித்து முடித்தும் நாற்பத்தேழுதான்.

“கெட்டுப் பூட்ச்சா?” என்றாள் செல்லக்கனி கவலையோடு.

“இல்லக்கா. உள்ள நெறைய பேர் இருந்தாங்க. எல்லாரும் காலி பண்ண நேரம் ஆகும்ல?”

ஒருவழியாக அந்த எண் நூறைத் தொட்டது. திரை இருண்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது, எந்த நாடு, எந்த மொழி என்று கேட்டது. பாரி ஆர்வமாகக் கையைக் கொண்டுபோனான். மகிழினி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“இனிமே இது செல்லக்கனி அக்காவோடது. அவங்கதான் பதில் சொல்லணும்.”

செல்லக்கனி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தாள். அதைத் திரையில் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. லேப்டாப்பைப் பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள்.

எழில்மொழி ஏழு மணிக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டவள், திடீரென்று வெளிறிப்போனாள்.

“ஐயோ மகி! உள்ள ‘மாடி’ன்னு ஒண்ணு... கிருஷ்ணப்பன் மாமாவோட சர்டிபிகேட்டு...”

“பென்டிரைவ்ல கீது, பீரோல வெச்சிருக்கேன்” என்றாள் மகிழினி, முள்ளை எடுத்துக்கொண்டே. “அம்மா, எனக்கு இன்னொரு மீன் போடு.”