மேடை நடுவில் ஒரு கதவு

கேம்பர்வெல்லின் அந்தப் பழைய நாடகக் கொட்டகைக்குள் ஹெக்டர் விண்டில் நுழைந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. ஈரக் கோட்டுகளின் வாடை. அணைந்த சுருட்டின் வாடை. அதற்கும் அடியில் மெல்லியதாகப் புதினா மிட்டாய் வாசனை.

பெர்சி டாக்கெட் எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் மிட்டாய். ஹெக்டர் தலையை உதறிக்கொண்டு மேடைக்கு நடந்தார்.

போர்க்காலத்தில் சிப்பாய்களைச் சிரிக்கவைக்க நாடகம் போட்டவர் அவர். பிறகு வானொலி நிலையத்தில் நகைச்சுவைத் தயாரிப்பாளர் ஆனார். அவருடைய 'மிஸஸ் பிளம் வீடு' நிகழ்ச்சி வந்தால் வாரா வாரம் நாடே சமையலை நிறுத்திவிட்டுக் கேட்கும். மிஸஸ் பிளம்மாக நடித்தது அவர் மனைவி மேவிஸ். சர்க்கரை கடன் கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரராக நடித்தது பெர்சி. நிகழ்ச்சி தொலைக்காட்சிக்குப் போனபோது மேவிஸ் போனாள், ஹெக்டர் போனார். பெர்சி போகவில்லை. குரலில் இருந்த இளமை முகத்தில் இல்லை என்றார்கள் மேலிடத்தில்.

அதைப் பெர்சியிடம் சொல்லும் வேலை ஹெக்டருடையது. நல்ல ஓட்டலுக்குக் கூட்டிப்போய், வறுத்த மாட்டிறைச்சி வாங்கிக் கொடுத்தார். சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் தோளைத் தட்டி, "நம்ம கதவு உனக்கு எப்பவும் திறந்துதான் இருக்கும், பெர்சி. எப்ப வேணாலும் வா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பெர்சி அதை நம்பி, தொலைக்காட்சிப் படப்பிடிப்பின் முதல் நாளே வந்து நின்றார். பட்டியலில் பெயர் இல்லை என்று வாசற்காவலர் திருப்பி அனுப்பினார். அந்தக் குளிர்காலத்தைப் பெர்சி தாண்டவில்லை.

இன்று கொட்டகையை மூடப்போகிறார்கள். அதற்காகக் கடைசியாய் ஒரு 'மிஸஸ் பிளம் வீடு' வானொலி நிகழ்ச்சி.

மேடை நடுவில் அந்தக் கதவு நின்றது. சுவரில்லாத கதவு. சட்டமும் தாழ்ப்பாளும் தட்டுவதற்கான பித்தளை வளையமும் மட்டும் உண்டு. ஓசைகளைப் பார்த்துக்கொள்ளும் நொரீன் அதைத் திறந்து மூடினால், வானொலியில் ஒரு வீடே எழும்பிவிடும்.

ஒத்திகையில் தட்டும் ஓசை கேட்டது. மூன்று தட்டு. ஒரு இடைவெளி. இன்னொரு தட்டு.

"நொரீன், கேஸ் மீட்டர் பாக்க வர்ற கேஸ்காரன் ரெண்டு தட்டுதான் தட்டணும்," என்றார் ஹெக்டர் மேலே இருந்த தயாரிப்பாளரின் கண்ணாடி அறையிலிருந்து.

"நான் இன்னும் தட்டவே இல்ல சார்." நொரீன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். ஒன்றில் தேநீர்க் கோப்பை, மற்றதில் பாதி கடித்த பிஸ்கட்.

தன் கதவுத் தட்டலைத் தானே தட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்த நடிகர் ஒருவர்தான் இருந்தார், பெர்சி. மூன்றும் ஒன்றும்.

ஹெக்டர் கீழே இறங்கி ஓடிவந்தார். "கதவை ஓரமா தள்ளுங்க. கேஸ்காரன் போன்ல பேசட்டும். மேவிஸ், உன்னோட அந்த வரி வேண்டாம்."

"உனக்கென்ன பைத்தியமா?" மேவிஸ் இடுப்பில் கைவைத்தாள். "'உள்ள வாங்க, திறந்துதான் இருக்கு'ன்னு நான் சொல்றதைக் கேக்கத்தான் ஜனம் மழையில நிக்குது. கட்டின புருஷனே என் கைதட்டலைத் திருடுவியா?"

"கண்ணு, உன்கிட்ட என்னைக்காவது கெஞ்சியிருக்கேனா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி தினமும்."

"இன்னைக்கு ஒரு நாள். சொல்லாத."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையை அசைத்தாள்.

கொட்டகை நிரம்பியது. முதல் பாதி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடிக்குப் பின்னால் ஹெக்டர் நகம் கடித்தார், எழுந்தார், உட்கார்ந்தார். கதவு ஓரத்தில் நின்றது. நொரீன் அதன் பக்கமே போகவில்லை.

டக். டக். டக்.

டக்.

கொட்டகை காதைத் தீட்டிக்கொண்டது. மேவிஸ் கண்ணாடி அறையைப் பார்த்தாள். ஹெக்டர் இரு கைகளையும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம்.

மறுபடியும் தட்டல். இம்முறை மெதுவாக. கெஞ்சுவதுபோல.

மேடையிலேயே காலம் கழித்தவள் மேவிஸ். கேட்ட தட்டலுக்குப் பதில் சொல்லாமல் விட அவள் நாக்குக்குத் தெரியாது.

"உள்ள வாங்க... திறந்துதான் இருக்கு."

தாழ்ப்பாள் தானாக உயர்ந்தது.

கதவுக்கு அப்பால் யாரும் இல்லை. இப்பாலும் இல்லை.

ஆனால் கூட்டம் கைதட்டியது. நெடுநாள் காணாத நடிகர் மேடைக்கு வந்தால் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல். பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. கதவிலிருந்து மேவிஸ்வரை, மெல்ல, ஒரு கிழவரின் நடை வேகத்தில்.

மேவிஸ் ஒலிவாங்கியை விட்டுச் சற்று விலகி இடம் கொடுத்தாள். கையிலிருந்த வசனத் தாளைப் பக்கத்தில் நிற்பவரும் படிக்கும்படி சாய்த்துப் பிடித்தாள்.

வந்தவரின் வசனம் எதுவும் ஹெக்டரின் காதில் விழவில்லை. மௌனம். சிரிப்பு. மௌனம். பெருஞ்சிரிப்பு. சிரிப்பை அடங்கவிட்டு, அடங்கி முடியும் முன்பே அடுத்ததை வீசும் அந்தச் சாமர்த்தியம் பெர்சி ஒருவருக்குத்தான் உண்டு.

டாக்ஸியில் வீடு திரும்பும்போது மேவிஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கை ஜில்லிட்டிருந்தது. ஹெக்டர் அதைத் தன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார்.

"அவன்... என்ன கேட்டான்?"

"எப்பவும் கேக்கறதுதான். ஒரு கப் சர்க்கரை."

"நீ என்ன சொன்ன?"

"பழைய வசனம்தான் வாயில வந்துச்சு. இப்ப கையில இல்ல, வீட்டுக்கு வாங்க, தர்றேன்னு." அவள் அவர் தோளில் சாய்ந்தாள். "பாவம் அவன், ஹெக்டர். உன்மேல கோபமே இல்ல. நீ ஏன் கீழ வந்து பாக்கலன்னு மட்டும் கேட்டான்."

வீட்டு வாசலில் டாக்ஸி நின்றது. மேவிஸ் ஓட்டுநருக்குச் சில்லறை தேட, ஹெக்டர் முன்னால் நடந்தார்.

சமையலறையில் விளக்கு எரிந்தது.

அணைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

உள்ளே தகர டப்பாவின் மூடி கழன்றது. கரண்டி ஒன்று சர்க்கரைக்குள் இறங்கும் சரசரப்பு. சாவித்துவாரத்தின் வழியே புதினா வாசனை வந்தது.

சாவி கையில் இருந்தும் நுழைக்கத் துணிவில்லை. உள்ளே ஆள் இருக்கிற வீட்டுக்குள் தட்டாமல் எப்படிப் போவது? அவர் விரல்கள் தாமாகவே எழுந்து தட்டின.

மூன்று தட்டு. ஒரு இடைவெளி. இன்னொன்று.

கரண்டிச் சத்தம் நின்றது.

"உள்ள வா, ஹெக்டர்," என்றது அந்த இளமையான குரல். "திறந்துதான் இருக்கு."