கூரைக்கு ஒரு நாற்காலி

தலைமையாசிரியை மாடிப்படி ஏறி வந்த வேகத்திலேயே அவசரத்துக்குத் தெரிந்துவிட்டது, இது பூனையைக் காணோம் என்கிற கேஸ் இல்லை என்று. அவசரம் என்பது ஊர் அவனுக்கு வைத்த பெயர். அவனுடைய அக்காள் கணவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். இருவரும் சேர்ந்ததுதான் அந்தத் துப்பறியும் நிலையம்.

அந்த அம்மாள் உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். பஸ் நிலையத்தில் படுத்துக் கிடப்பவர்களுக்காக ஒரு தங்குமிடம் கட்டுகிறார்கள். சுவர் எழுந்துவிட்டது, கூரைக்குத்தான் பணம் இல்லை. அதற்காக இன்று மாலை ஏலம். ஊரார் கொடுத்த சாமான்களிலேயே பெரிய சரக்கு, அவர் வீட்டிலிருந்து கொடுத்த மெத்தை வைத்த தேக்கு நாற்காலி. மரச்சாமான் கடைக்காரர் அதைக் கூரை விலைக்கே கேட்பதாக வாக்களித்திருந்தார். இன்று காலை ஏலம் நடக்கவிருக்கும் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் நாற்காலி மாயம்.

"ஒரு கால் கட்டை. ஆடுதேன்னு நானே நேத்து அடியில செருப்புத் துண்டு வெச்சு நிறுத்தினேன்" என்றவர் குரல் இறங்கியது. "இந்த மழைக்கு நனைய மாட்டீங்கன்னு அந்த ஜனங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டேன்பா. இப்ப எந்த முகத்தோட போய் நிப்பேன்?"

மண்டபத்துக்கு ஒரே வாசல். ராத்திரி முதல் அங்கேயே இருந்த காவலாளி, உள்ளே கம்பளி மூட்டைகள் போனதுதான் உண்டு, வெளியே ஒரு துரும்பும் வரவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தையல் மெஷின், ரேடியோ, வெள்ளி விளக்கு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. மூலையில் தங்குமிடத்துக்கு வந்த கம்பளிகள் மலையாய்க் குவிந்திருந்தன. காலையிலேயே வந்து அவற்றை அடுக்கிவைத்த தலைமையாசிரியையின் கணவர், களைப்பில் அந்தக் குவியல்மேலேயே சாய்ந்து, இரண்டு முழங்கைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக ஊன்றிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் பேப்பர் மேலே ஏறி முகத்தை மறைத்தது. வீட்டிலும் அப்படித்தானாம்.

அவசரத்துக்குக் கை பரபரத்தது. கடைக்காரர்தான் திருடன், காசு கொடுக்காமல் அமுக்கிவிட்டார் என்று அடித்துச் சொன்னான். எப்படி வெளியே போயிற்று என்று கேட்டதற்கு, கூரை வழியாக என்றான். நிதானம் கூரையைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். நாற்காலி இருந்த இடத்தில் குனிந்து தரையைத் தடவினார்.

மாலையில் கடைக்காரரும் வந்து சேர்ந்தார். எல்லோரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார் நிதானம். கணவர் மட்டும் கம்பளியைவிட்டு எழுந்திருக்கவில்லை. இடுப்பு வலி என்றார்.

"மாப்ளே, செருப்புத் துண்டு எங்கே?" என்று கேட்டார் நிதானம்.

அவசரம் திருதிருவென்று விழித்தான்.

"அதையும் காணோம். திருடன் நாற்காலியத் தூக்கிட்டு ஓடுவான். குனிஞ்சு செருப்புத் துண்டைப் பொறுக்கிட்டுப் போவானா? அது இல்லாம உக்காந்தா ஆடும்னு தெரிஞ்சவர்தான் அதை எடுத்திருக்கணும். தினம் அதுல உக்காந்தவர். வெளிய எதுவும் போகல, அதனால பொருள் இங்கேயேதான் இருக்கு." கணவர் பக்கம் திரும்பினார். "ஐயா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம். ஆனா அதுமேலயே சாஞ்சு உக்காரக் கூடாது. கம்பளிக் குவியல்னா ஆள் உள்ள அமுங்கிடுவார். உங்களுக்கு மட்டும் முதுகுக்குச் சாய்மானம், கைக்குக் கைப்பிடி எல்லாம் இருக்கே?"

பேப்பர் மெல்ல இறங்கியது. அவசரம் பாய்ந்து கம்பளிகளை இழுத்தான். தேக்குக் கைப்பிடி பளபளத்தது.

"என்னை ஒரு வார்த்தை கேக்காமக் குடுத்துட்டா" என்றார் கணவர், பரிதாபமாக. "மூணு நாளா வீட்டுல எனக்கு இடமே இல்ல. சோபாவுல உக்காந்தா மருமக பெருக்கணுங்கறா. கட்டில்ல உக்காந்தா இவ போர்வை கசங்குதுங்கறா. எங்க போனாலும் 'எந்திரிங்க, எந்திரிங்க'. ஏலம் முடிஞ்சதும் கம்பளியோட கம்பளியா வண்டியில ஏத்தி வீட்டுக்கே கொண்டுபோயிடலாம்னு பாத்தேன்."

தலைமையாசிரியை திட்டத்தான் வாயெடுத்தார். திட்டு வரவில்லை.

"பஸ் நிலையத்துல ராத்திரி லத்தியால தட்டி அந்த ஜனங்ககிட்டயும் 'எந்திரிங்க'ன்னு அதைத்தாங்க சொல்றாங்க" என்றார் மெதுவாக.

கணவர் எழுந்தார்.

ஏலம் களைகட்டியது. கடைக்காரர் கேட்க, கணவர் அதற்குமேல் கேட்க, மேடையிலிருந்து மனைவி "அவ்வளவுதானா?" என்று தன் கணவரையே உசுப்ப, கடைசியில் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு விலகினார். தம் நாற்காலியைத் தம் காசிலேயே வாங்கிய கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. கூரைக்குப் போக, ஜன்னல் கதவுக்கும் மிஞ்சியது. ஆனால் வீட்டுக்குப் போனால், நாற்காலி இருந்த இடத்தில் புதிதாய் ஒரு புத்தக அலமாரி நின்றது. வேறு வழி? நாற்காலி தங்குமிடத்துக்கே வந்தது. அங்கே போய் உட்கார்ந்து பேப்பர் படிப்பதாக ஏற்பாடு.

கூரை போட்டபின் பெய்த முதல் மழையில், குடையும் பேப்பருமாக அவர் உள்ளே நுழைந்தார். நாற்காலியைக் கூரை வழியாகக் கடத்த முடியும் என்ற தன் ஊகத்தை இன்னும் விடாத அவசரம், புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி அங்கே நின்றிருந்தான். நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நேற்றுவரை பஸ் நிலையத்தில் படுத்தவர். கண் செருகிக்கொண்டிருந்தது.

கணவர் வாயைத் திறந்தார். 'எந்திரிங்க' என்பது நாக்கு நுனிவரை வந்ததை அவசரம் கண்ணால் பார்த்தான். அவர் அதை விழுங்கிவிட்டு, குனிந்து நாற்காலிக் காலைத் தடவினார்.

"செருப்புத் துண்டு நகந்திருக்கு" என்று அதைச் சரியாக உள்ளே தள்ளினார். "இல்லேன்னா ஆடும். நீங்க தூங்குங்க."

பிறகு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.