எலுமிச்சைக்கு அசையாத கல்

பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள்ளேயே வண்டுவுக்குத் தெரிந்துவிட்டது, பட்டறையில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று. கல்லறுக்கும் இயந்திரம் ஓடவில்லை. மெருகு போடும் இயந்திரமும் ஓடவில்லை. அம்மா மட்டும் ஈரக் கையோடு தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

எதைக் கண்டாலும் குடைந்து குடைந்து கேள்வி கேட்பதால் பத்து வயதுப் பெண்ணுக்கு வண்டு என்று பெயர் வைத்தவர் பட்டறை மேஸ்திரிதான். அதற்காக அவர் தினமும் வருத்தப்பட்டார்.

"என்னம்மா தேடுற?"

"சீட்டுடி. ரெண்டு வெள்ளைக் கல்லுலயும் பேர் எழுதி ஒட்டியிருந்தாங்க. நான் தண்ணி விட்டு மெருகு போட்டேனா, ரெண்டும் கரைஞ்சு போச்சு. எது எந்தக் கடைக்குன்னு தெரியல."

ஒரு கல் புத்தகக் கடை மேசைக்கு. மற்றது எதிர்வரிசையில் புதிதாகத் திறக்கப்போகும் ஜூஸ் கடைக்கு. இரண்டும் ஒரே நீளம், ஒரே வெள்ளை, உள்ளே ஒரே மாதிரி சாம்பல் கோடு.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு கவலை?" என்று மேஸ்திரி வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "எது நல்லா பளபளக்குதோ அதுதான் ஜூஸ் கடையோடது. லாரியில ஏத்தியாச்சு!"

லாரியில் ஒரு கல் கயிறு கட்டி நின்றது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

வண்டு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"நிறுத்துங்கண்ணா! பளபளப்பை வெச்சு மட்டும் சொல்ல முடியாது. அம்மா தேய்ச்சா எந்தக் கல்லும்தான் பளபளக்கும்!"

டிரைவர் சிரித்துவிட்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை. "ஆரம்பிச்சுட்டியா? சரி, வேற எப்படிச் சொல்றதாம்?"

"கல்லுங்கிறது ஒரு வீடு மாதிரி மாமா. உள்ள குடியிருக்கிறது கனிமம். ஒண்ணு மார்பிள், அதுக்குள்ள இருக்கிறது கால்சைட். இன்னொண்ணு குவார்ட்சைட், அதுக்குள்ள குவார்ட்ஸ். வெளியில ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுண்ணாம்பு அடிச்சிருக்கு, அவ்வளவுதான். கதவைத் தட்டினா யார் இருக்காங்கன்னு தெரிஞ்சிடும்!"

"மார்பிளே ஜூஸ் கடைக்குப் போனா என்ன?"

"எலுமிச்சைச் சாறு பட்டா அரிச்சிடும். ஒரே வாரத்துல மேசை பூரா தழும்பு!"

அம்மாவின் முகம் வெளுத்தது. மெருகு போட்டவள் சரியில்லை என்றுதானே ஊர் சொல்லும்?

"ஒரு ஆணி குடு அம்மா. நான் எலுமிச்சை கொண்டுவரேன்." வண்டு சிட்டாகப் பறந்தாள்.

எலுமிச்சைக்கு எங்கே போவது? ஜூஸ் கடைக்குத்தான். கடைக்கார அக்கா பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு எலுமிச்சம்பழம் வேணும்."

"எதுக்கு?"

பொய் சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. ஆனால் வண்டுவுக்குப் பொய் சரியாக வராது; காது சிவந்துவிடும். "ரெண்டு கல்லுல உங்க கல்லு எதுன்னு குழப்பமாயிடுச்சு. கண்டுபிடிக்கத்தான்."

"அய்யய்யோ!" அக்கா பழத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு தானே கிளம்பிவிட்டாள்.

கடைக்காரியே வருவதைப் பார்த்து மேஸ்திரி தலையில் கை வைத்தார்.

வண்டு லாரியில் ஏறினாள். சுவருக்குள் பதியும் ஓரத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஆணியால் அழுத்திக் கீறினாள். சர்ரென்று ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. மாவு மாதிரி தூள் உதிர்ந்தது. தூளின் மேல் சாற்றைப் பிழிந்தாள்.

புசுபுசுவென்று பொடிப்பொடியாய்க் குமிழிகள்!

"பொங்குது! பொங்குது!" என்று டிரைவர் கத்தினார்.

"கால்சைட்! இது மார்பிள்!" வண்டு குதித்த குதியில் லாரியே ஆடியது.

"அப்போ உள்ள இருக்கிறதுதான் என்னோடது. இறக்கிட்டு அதை ஏத்துங்க," என்றாள் அக்கா.

"இருங்கக்கா, அதையும் பார்த்துடலாம்."

"ரெண்டுல ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணுதானே?" என்றார் மேஸ்திரி.

"கிடங்குல தப்பா ரெண்டுமே மார்பிளா அனுப்பியிருந்தா?"

எல்லோரும் உள்ளே ஓடினார்கள்.

வண்டு இரண்டாவது கல்லின் ஓரத்தில் ஆணியை வைத்துக் கீறினாள். கையை எடுத்தாள்.

ஒரு கோடு! தெளிவாக, நீளமாக.

"இதுவும் கீறல் விழுதே," என்று அம்மா மெல்லச் சொன்னாள். மேஸ்திரி கிடங்குக்குப் பேச போனை எடுத்தார்.

வண்டுவின் கண் அந்தக் கோட்டைவிட்டு நகரவில்லை. முதல் கல்லில் விழுந்த கோடு வெள்ளை. இது ஏன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது? தூள் எங்கே? ஒரு பொட்டுத் தூள்கூட இல்லையே!

விரலைத் தண்ணீரில் நனைத்துக் கோட்டின் மேல் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

கோடு காணாமல் போனது.

"மாமா! போனை வைங்க!" அவள் ஆணியைத் தூக்கிக் காட்டினாள். முனை மழுங்கியிருந்தது. "ஆணி கல்லைக் கீறல! கல்லுதான் ஆணியைத் தேய்ச்சிருக்கு! அந்தக் கோடு பூரா இரும்பு! குவார்ட்ஸ் இரும்பைவிடக் கெட்டி!"

"எங்கே, காட்டு!" மேஸ்திரி ஆணியைப் பிடுங்கித் தானே ஒரு கோடு போட்டார். தானே துடைத்தார். இன்னொன்று போட்டார். "அட, ஆமா! போயிடுச்சு! டிரைவர், இங்க வாய்யா, பாரேன்!"

அவர் நாலாவது கோடு போடுவதற்குள் அம்மா ஆணியை வாங்கி வைத்துவிட்டாள்.

"எல்லாம் சரி. என் கடையில ஆணியா பிழியப்போறேன்?" என்று சொல்லிக்கொண்டே அக்கா மீதி எலுமிச்சையை எடுத்தாள். ஓரத்தில் எல்லாம் இல்லை. நட்டநடுவில், அம்மா கண்ணாடியாய்த் தேய்த்து வைத்திருந்த இடத்திலேயே பிழிந்தாள்.

ஐந்து தலைகள் முட்டிக்கொண்டு குனிந்தன. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். ஒரு குமிழிகூட வரவில்லை. அக்கா துணியால் துடைத்தாள். கல்லில் அவள் முகம் முன்போலவே பளிச்சென்று தெரிந்தது.

பட்டறையே அதிரும்படி எல்லோரும் கைதட்டினார்கள். ஒன்றுமே நடக்காததற்கு இத்தனை பலமாகக் கைதட்டியதை வண்டு அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.